தடைக்காலத்தில் பார்த்த காலி இடம்

பாய்லர் அனுமதி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது புகைபோக்கியின் உயரத்தைப் பற்றி. அதற்கு விதியிலேயே வாய்ப்பாடு இருக்கிறது. எரிபொருளின் அளவையும் சாம்பலின் அளவையும் போட்டால் விடை வந்துவிடும். உங்களில் யாரும் அதில் தவறப் போவதில்லை. பாய்லர் ஆய்வாளரின் சான்று, கட்டட ஒப்புதல், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு இசைவாணை என்று எதை எதற்கு முன்னால் வாங்க வேண்டும் என்பதும் இரண்டு விண்ணப்பங்களில் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். தளத்தைப் பார்க்கப் போகிறீர்களே, அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் உங்களிடம் பேச வேண்டும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஓர் இறால் ஆலை. இறாலை நீராவியில் வேகவைத்து, உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நீராவிக்கு அதுவரை உலை எண்ணெய் எரித்து வந்தார்கள். வாங்குகிற நிறுவனம், அடுத்த பருவத்துக்குள் எண்ணெயை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டது. ஆகவே விறகில் எரியும் பாய்லர். தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டைப் பக்கத்து ஓடைகளிலும் குளங்களிலும் சீமைக்கருவேலம் வேண்டிய மட்டும் கிடக்கிறது. கட்டையாக லாரியில் வரும். ஆலைக்குள் இயந்திரம் வைத்துச் சில்லுகளாக நறுக்கி, குவித்து வைத்து எரிக்க வேண்டும். உரிமையாளர் செல்வராஜ் அண்ணாச்சி இந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

முதல் நாள் தளத்தைச் சுற்றிக் காட்டியபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சார், ஊருக்குள்ள ஒரு பொட்டுப் புகை வராது. கச்சான் காத்து மொத்தத்தையும் கடலுக்குத் தள்ளிட்டுப் போயிரும். ஆண்டவனா பாத்து அமைச்சுக் குடுத்த எடம்."

கச்சான் என்பது வைகாசியில் கிளம்பி மாதக்கணக்கில் மேற்கேயிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று. அவர் சொன்னது சரிதான். விறகுக் கிடங்கை ஆலையின் கிழக்கு மூலையில், கடல் பக்கத்துச் சுவரை ஒட்டித் திட்டமிட்டிருந்தார். ஏன் அங்கே என்று கேட்டேன்.

"முன்னால குவிச்சு வச்சா, வார வெள்ளைக்காரன் இது இறால் கம்பெனியா விறகுக் கடையான்னு கேப்பான்லா?"

கிழக்குச் சுவருக்கு அப்பால் மணல் திடல். அதற்கப்புறம் கடல். அவருடைய பொறியாளர் போட்டிருந்த வரைபடத்தில் அந்தத் திடலில் "காலி இடம்" என்று எழுதியிருந்தது. நாங்கள் நின்ற அன்று அங்கே ஓர் ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. பொறியாளர் கண்டதைத்தான் எழுதியிருந்தார்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் சில ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குச் செய்தி சேகரித்துக் கொடுத்தவன் நான். ஓர் இடம் வெறுமையாக இருந்தால், அது எந்த விதமான வெறுமை என்று பார்க்கிற பழக்கம் அங்கே வந்தது. சுற்றிலும் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்க, அந்தத் திடலில் மட்டும் ஒரு செடி இல்லை. மணல் மிதிபட்டு இறுகியிருந்தது. இடைவெளி விட்டு விட்டு உப்புப் பூத்த திட்டுகள். குனிந்து பார்த்தால் மீன் செதில்கள் மணலோடு ஒட்டி மினுங்கின. யாரோ ஆண்டின் பெரும்பகுதி தினமும் பெருக்குகிற இடம் அது.

"இங்கன யாரும் கருவாடு போடுவாங்களா அண்ணாச்சி?"

"சீசன்ல பொம்பளைய வந்து மீனு காயப் போடுவாங்க. அவங்க எடமா அது? புறம்போக்கு சார்."

அப்போது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் கோடையில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டு விடுகிறார்கள். அந்தப் படகுகள் கொண்டுவரும் சாளை, நெத்தலி, காரல் ஆகியவற்றைத்தான் இந்தப் பெண்கள் வாங்கி, உப்பிட்டு உலர்த்துகிறார்கள். தடைக்காலத்தில் சிறு வள்ளங்களில் வருகிற கொஞ்ச மீன் பச்சையாகவே விற்றுப்போகும், காயப்போட மிஞ்சாது. உப்பளங்களில் அதுதான் வேலை மும்முரமான நேரம் என்பதால் பெண்கள் அங்கே கூலிக்குப் போய்விடுகிறார்கள்.

இதில் நம் தொழிலுக்கே உரிய ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. கடற்கரை ஆலைக்காரர்கள் எல்லோருக்கும் பருவம் தொடங்குமுன் இசைவாணை வேண்டும். ஆகவே விண்ணப்பங்கள் தடைக்காலத்தில் குவிகின்றன. நாமும் அப்போதுதான் போகிறோம், ஆய்வுக்கு வருகிற அதிகாரியும் அப்போதுதான் வருகிறார். இந்தக் கரையில் நான் பார்த்த கோப்புகளில் ஆலையை அடுத்த மணல் அநேகமாக எப்போதும் காலியாகவே கிடக்கும். ஒருவரும் பொய் எழுதவில்லை. எல்லோரும் ஒரே மாதத்தில் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

புகையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உயரமான புகைபோக்கி அதைத் திடலுக்கு மேலாகக் கொண்டுபோய்விடும். கிடங்கில் மரம் நறுக்குகிற இடத்தில் தரையோடு கிளம்புகிற தூசிதான் பிரச்சினை. கச்சானில் அது சுவரைத் தாண்டி நேரே திடலில் விழும். உப்பிட்ட ஈர மீனில் படிந்த மரத்தூள் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. வியாபாரி ஒரு கூடையைத் திருப்பினால் அந்தப் பெண்ணின் ஒரு வார உழைப்பு போயிற்று.

அன்று சாயங்காலம் உப்பள வேன் பெண்களை இறக்கிவிடுகிற முக்கில் போய் நின்றேன். பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கால்களில் உப்புப் படிந்து வெளுத்திருந்தது. முன்னால் வந்தவர் செலினா, நாற்பது வயதிருக்கும். இறால் கம்பெனிக்கு வேலை செய்கிறவன், திடலைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன்.

"எந்த ஊரு நீங்க?"

"ஆழ்வார்திருநகரி."

"ஏளா, இங்க பாருங்க. பெருமாள் கோயில் ஊர்க்காரரு கருவாட்டப் பத்திப் பேச வந்திருக்காரு. அதுவும் நாத்தம் இல்லாத மாசமா பாத்து வந்திருக்காரு!"

சிரித்து முடித்த பிறகு கேட்டுக்கொண்டார்கள். விறகுக் கிடங்கு எங்கே வருகிறது, தூசி எப்படி விழும் என்று சொன்னேன். திடலில் நீங்கள் மீன் உலர்த்துகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுதினால் கிடங்கை மேற்கே தள்ளும்படி கேட்க முடியும் என்றும் சொன்னேன். பலர் தலையாட்டினார்கள். பின்னால் நின்ற, கொஞ்சம் மூத்த ஒரு பெண் மட்டும் கேட்டார்:

"எழுதுனா, அந்த எடம் யாருதுன்னு கேக்க மாட்டாங்களா?"

அவர் பெயர் அமலோற்பவம். ஆலந்தலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கேட்கலாம் என்றேன்.

"கேட்டா நாங்க என்ன சொல்ல? பட்டாவா இருக்கு? இம்புட்டு நாளும் நாங்க அங்கன இருக்கோம்னு ஒரு ஆபீசருக்கும் தெரியாது. அதனாலதான் இருக்கோம். நீங்க எழுதிப்புட்டா வெரட்டுததுக்கு வெலாசம் கெடச்சிரும்."

"ஆமா, எழுதாம தூசி விழுந்தா, அந்தக் கருவாட்ட எந்த வெலாசத்துக்கு அனுப்புவ?" என்றார் செலினா.

"ஒனக்கென்னளா, ஒன் எடம் எனக்கு அங்கிட்டுத் தள்ளிக் கெடக்கு. எனக்குச் சொவத்த ஒட்டி. மொதத் தூசி எந் தலையிலதான். அது தெரிஞ்சுதான் சொல்லுதேன்."

எழுதாவிட்டால் அவர்கள் மீன் கெடும். எழுதினால் ஒருநாள் இடமே போகலாம். இரண்டும் நடக்கக்கூடியவை. யோசித்து வையுங்கள், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் அவசரம் இருந்தது.

மறுநாள் அண்ணாச்சியிடம் கிடங்கை மேற்கே மாற்றலாம் என்றேன். காரணத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"இல்லாத ஆளுகளை நீங்க எதுக்கு சார் காயிதத்துல கொண்டாரிய? நாளைக்கு நான் ஒரு சொவரு ஒசத்தணும்னாலும் அவங்களக் கேளும்பான்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார்: "சரி, உங்களுக்குக் கிடங்கு மேக்க போகணும், அம்புட்டுத்தான? தீ பயம்னு எழுதுங்க. இந்தக் காத்துல விறகுக் குவியல் ஆபத்துதான, பொய்யில்லையே. நான் இன்னைக்கே மாத்துதேன். பொம்பளைய பேச்ச மட்டும் எடுக்காதிய."

நல்ல யோசனை. நேர்மையானதும்கூட. கிடங்கு நகரும், தூசி விழாது, பெண்களை யாரும் பட்டா கேட்க மாட்டார்கள், இசைவாணை நேரத்துக்கு வரும். அமலோற்பவம் கேட்டதும் செலினா கேட்டதும் ஒரே வரியில் கிடைத்துவிடும். அந்த வரியை எழுதக்கூட எழுதிவிட்டேன்.

அப்புறம் தாமிரபரணிப் பாசனத்தில் பார்த்த ஓர் அரிசி ஆலை நினைவுக்கு வந்தது. அங்கே உமிக் குவியல் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி இருந்தது. பிள்ளைகள் கண்ணில் உமி விழுகிறது என்று பேச்சு வந்தபோது, பள்ளியை இழுக்க வேண்டாம் என்று தீ அபாயத்தைக் காரணமாக எழுதிக் குவியலை நகர்த்தினார்கள். சில ஆண்டுகள் கழித்து ஆலைக்காரர் தண்ணீர்க் குழாய்களும் தீயணைப்புக் கருவிகளும் வைத்தார். தீ அபாயம் நீங்கியது என்று காட்டித் திருத்தம் கேட்டார். கேட்டது நியாயம், கொடுத்ததும் நியாயம். குவியல் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது.

ஆணையில் போடுகிற நிபந்தனைக்கு, அதன் கீழே எழுதப்பட்ட காரணம் இருக்கும் வரைதான் ஆயுள். நீங்களும் நானும் அதிகாரியும் மாறிப்போவோம். அடுத்து வருகிறவர் காகிதத்தைப் பார்ப்பார். அதில் தீ என்று இருந்தால் தீயைப் பற்றி மட்டும்தான் கேட்பார். இதை நீங்கள் எந்த விதியிலும் படிக்க முடியாது. ஆகவே இந்தக் கடிதத்தில் ஒரு வரியை நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்.

மறுபடி முக்கில் போய் நின்றேன். அண்ணாச்சி சொன்ன வழியையும், அது எதுவரை தாங்கும் என்பதையும் சொன்னேன். எழுதினால் பெயரோ ஆள் எண்ணிக்கையோ எழுத மாட்டேன், "பருவகாலத்தில் மீன் உலர்த்தும் திடல்" என்று பயன்பாட்டை மட்டும் எழுதுவேன் என்றேன். இடம் யாருடையது என்று யாராவது கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் தர மாட்டேன் என்பதையும் சொன்னேன்.

அவர்கள் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். சண்டைச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து செலினா, "எழுதுங்க" என்றார். "அமலோற்பவம் அக்கா மட்டும் ஒத்துக்கிடல. அவ எடத்தச் சேக்கக் கூடாதாம்."

"ஆமா, சேக்கக் கூடாது" என்றார் அமலோற்பவம்.

அவர் இடம்தான் சுவருக்கு மிக அருகில். அதை விட்டால் ஆலைக்கும் திடலுக்கும் நடுவே தூரம் கூடிவிடும். எங்கள் வாதம் அந்த அளவுக்கு மெலியும். அதை அவரிடம் சொன்னேன். தெரியும் என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை; அவர் இடத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஒருவர் ஏற்க வேண்டிய ஆபத்தை இன்னொருவர் முடிவு செய்ய முடியாது.

கிளம்பும்போது செலினா கூப்பிட்டார். "ஆபீசர் வரும்போது திடல்ல ஒண்ணும் இருக்காதே சார். மார்க்கெட்ல ரெண்டு கூடை கருவாடு வாங்கிப் பரத்தி வச்சிருவமா?"

"வேண்டாம்."

"நெசமா காயப் போடுத எடந்தான?"

"நெசத்துக்கு வேஷம் போட்டா, வேஷம் கலையும்போது நெசமும் சேந்து போயிரும். சும்மா வந்து நில்லுங்க."

"வெறுங்கையோட வந்து நின்னா பைத்தியம்னு நெனைக்கப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அண்ணாச்சிக்கு விண்ணப்பத்தை வாசித்துக் காட்டினேன்: வரைபடத்தில் கிடங்கு கிழக்கேதான், பக்கத்தில் மீன் உலர்த்தும் திடல் இருப்பதால் அதை மேற்கே மாற்ற வேண்டுமா என்று அதிகாரி பார்த்துச் சொல்லட்டும். இப்படித்தான் எழுதுவேன், வேண்டாமென்றால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்றேன். பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது, ஆள் மாற்ற அவருக்கு நேரமில்லை. என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வந்த பொறியாளர் இளம்பெண், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். தடைக்காலம் இன்னும் முடியவில்லை. கச்சான் நன்றாகவே கிளம்பியிருந்தது. மணல் முகத்தில் அறைந்தது. திடலில், எட்டடி பத்தடி இடைவெளியில், பெண்கள் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அமலோற்பவம் மட்டும் தள்ளி, பாதையோரத்தில், வேடிக்கை பார்க்க வந்தவரைப் போல நின்றார்.

"இங்க ஒண்ணுமே இல்லீங்களே" என்றார் பொறியாளர் என்னிடம். "இவங்க எல்லாம் எதுக்கு நிக்கறாங்க?"

"அவங்கவங்க எடத்துல நிக்காங்க."

அவர் மணலைப் பார்த்தார். கோடு இல்லை, கல் இல்லை, கம்பு இல்லை. நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் கெட்டிக்காரர். ஒவ்வொருவராக ஜீப்புக்குப் பின்னால் தனியே அழைத்து, உங்களுக்கு வடக்கே யார், தெற்கே யார், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும் என்று கேட்டார். அந்தத் திடலுக்கு எல்லை கிடையாது; பக்கத்து இடத்துக்காரிதான் எல்லை. மாமியார் போட்ட இடத்தில் மருமகள் போடுகிறாள். பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தின. கடைசிப் பெண்ணிடம் பேசிவிட்டு வரும்போது அவர் நடையில் வேகம் கூடியிருந்தது.

"சரி, அளந்துக்கலாம். சுவத்துப் பக்கம் முதல் இடம் எதுங்க?"

செலினாவின் இடத்திலிருந்து சுவர்வரை நாடாவைப் பிடித்தார்கள். அமலோற்பவத்தின் இடம் நடுவே வெறுமையாகக் கிடந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் பேசவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன்.

தூரம் நிறைய இருந்தது. அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியளா மேடம், இம்புட்டுத் தூரம். சொவத்து ஓரத்துல ஒரு நாளும் யாரும் போட்டது கெடையாது. கிழக்க கிடங்கு இருந்தா யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல."

"அண்ணாச்சி!"

பாதையோரத்திலிருந்து குரல். அமலோற்பவம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்.

"இங்கிட்டுப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. போன ஆடியில ஒங்க சொவத்துக்கு வெள்ளையடிக்கும்போது எங் கருவாட்டுல சுண்ணாம்பு தெறிக்குன்னு நான் கத்தல? நீங்களே வந்து பாத்திய. கருவாட்ட எடுத்த பொறவு அடிலேன்னு அவனை ஏசுனிய. ஏசுனியளா இல்லையா?"

அண்ணாச்சி திரும்பினார். சுவரைப் பார்த்தார், அமலோற்பவத்தைப் பார்த்தார்.

"ஏசுனேன்" என்றார். "அது ஞாவகம் இல்லாமப் போச்சு. இருந்தது மேடம். இந்த அம்மா இங்கன போட்டிருந்தது."

இந்த இடத்தில் அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இல்லை என்று சாதித்திருந்தால் அவரை மறுக்க ஆதாரம் ஒன்றும் கிடையாது.

பொறியாளர் அமலோற்பவத்திடம் கேட்டார்: "உங்க இடம் எதுங்கம்மா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரை நோக்கி நடந்துபோய், திரும்பி, இரண்டு கால்களையும் ஊன்றி நின்றார்.

"இது."

நாடாவை மறுபடி பிடித்தார்கள். இந்த முறை அளக்க அதிகம் இல்லை.

இசைவாணை நிபந்தனையோடு வந்தது. விறகுக் கிடங்கு மேற்கே, கூரையோடு. நறுக்கும் இயந்திரம் மூடிய அறைக்குள். காரணம்: கிழக்குச் சுவரை ஒட்டிய நிலம் பருவகாலத்தில் மீன் உலர்த்தப் பயன்படுகிறது. திட்டத்தை மாற்றிப் போடவும் கூரை கட்டவும் நாள் பிடித்தது. அந்தப் பருவம் முழுக்க அண்ணாச்சி எண்ணெயிலேயே ஓட்டினார். வெளிநாட்டு நிறுவனம் பொறுத்துக்கொண்டது, ஆனால் வாங்குகிற அளவைக் குறைத்தது. அடுத்த ஆலைக்கு அவர் வேறு ஆலோசகரை வைத்துக்கொண்டார். எதிரே பார்த்தால் வணக்கம் சொல்கிறார். அதற்கு மேல் இல்லை.

நான் செய்தது சரியா என்று கேட்பீர்கள். தூசி விஷயத்தில் சரி, அது விழவில்லை. மற்றதில் தெரியாது. அந்தத் திடல் இப்போது அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. அது அவர்களுக்குக் காவலாகுமா வினையாகுமா என்பது, இனி அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்கப் போகிறவரைப் பொறுத்தது. அந்த ஆள் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

ஓய்வுபெற்ற பின்னும் அந்தப் பக்கம் போனால் திடலில் இறங்கிப் பார்ப்பேன். சுவரோரம் அமலோற்பவம் காரலைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருப்பார். எழுந்திருக்க மாட்டார். நலமா என்று நான் கேட்பதற்குள் அவர் முந்திக்கொள்வார்.

"இன்னும் வெரட்டல" என்பார். சொல்லிவிட்டு மீனைப் புரட்டுவார்.